பள்ளிக்கூடத்தில் கீறிய எழுத்துக்கள்

சுவிசில் கார் ஓட்டுகிற எங்கள் சனத்துக்கு நெடுஞ்சாலையின் பச்சைப் பலகைகள் நல்ல பழக்கம். பேர்ணுக்கு இன்னும் எத்தனை கிலோமீற்றர், சூரிச்சுக்கு எந்தப் பக்கம், எந்த வழியால் இறங்கினால் கோயில் திருவிழாவுக்குக் கிட்ட என்பதெல்லாம் நித்திரையிலும் சொல்லுவார்கள். அந்தப் பலகையில் இருக்கிற எழுத்தைக் கீறியது யார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. எழுத்தென்றால் அதை ஒரு ஆள் இருந்து கீறியிருப்பார் என்ற எண்ணமே பலருக்கு வருவதில்லை. 2003ஆம் ஆண்டு முதல் சுவிஸ் வீதிப் பலகைகளுக்கு வந்த அந்த எழுத்துருவின் பெயர் அஸ்ட்ரா ஃப்ருட்டிகர். அஸ்ட்ரா என்பது மத்திய அரசின் வீதித் திணைக்களம். ஃப்ருட்டிகர் என்பது ஒரு மனிதர். முழுப்பெயர் அட்ரியான் ஃப்ருட்டிகர். 1928இல் இன்ரலாக்கனுக்கு அருகே உன்டர்சேனில் ஒரு நெசவாளியின் மகனாகப் பிறந்தவர். 2015இல் பேர்ணுக்குப் பக்கத்தில் காலமானார்.

நான் வேலை செய்கிற குசினி இன்ரலாக்கனில் இருக்கிறது. ஆரே ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் உன்டர்சேன். இருபது வருசத்துக்கு மேலாக இங்கே வெங்காயம் உரிக்கிறேன். வருகிற உல்லாசப் பயணிகள் யுங்ஃபிறவ் மலைக்கு ரயில் எத்தனை மணிக்கு, இந்தியச் சாப்பாடு எங்கே கிடைக்கும், படம் பிடித்த இடம் எது என்றெல்லாம் விசாரிப்பார்கள். ஃப்ருட்டிகர் எந்த வீட்டில் பிறந்தார் என்று ஒரு ஆள் கேட்டதில்லை. அதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது. நல்ல எழுத்து தன்னைக் காட்டிக்கொள்ளாது, வாசிக்க மட்டும் விடும்.

இவரைப் பற்றி இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. என் அக்காவின் மகனுக்குப் பதினைந்து வயது. ஒன்பதாம் வகுப்பு முடித்ததும் கிராஃபிக் வடிவமைப்பில் லேர செய்யப் போகிறேன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டில் சொல்லிவிட்டான். (சுவிசுக்கு வெளியே இருக்கிறவர்களுக்கு: லேர என்றால் ஒரு நிறுவனத்தில் வேலை பழகிக்கொண்டே வாரத்தில் ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளிக்குப் போவது. கிராஃபிக்குக்கு நான்கு வருசம்.) அத்தானின் கையில் சோறு அப்படியே நின்றது. "படம் கீறியோ பிழைக்கப் போறாய்?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "தம்பி, நீர் கம்பஸ் வரைக்கும் போனனீர். நீராவது இவனுக்குச் சொல்லும், கிம்னாசியத்துக்குப் படிக்கச் சொல்லி" என்றார்.

நான் கம்பசுக்குப் போனது உண்மை. முடிக்காமல் வந்ததும் உண்மை. யாழ்ப்பாணத்தில் அந்தக் காலத்தில் படிப்பு பாதியில் நின்றவர்களை எண்ணினால் ஒரு தனிக் கம்பஸ் கட்டலாம். அத்தானுக்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது நீளமாக இருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கதையை ஒதுக்கிவிடவேண்டும். மாணவர்கள் கீறியவை உலகப் புகழ் பெற்றது பற்றிப் பேச்செடுத்தால் உடனே நைக்கி சின்னத்தின் கதையைச் சொல்லுவார்கள். 1971இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் கரோலின் டேவிட்சன் என்ற மாணவி 35 டொலருக்குக் கீறிக் கொடுத்தது அது. 1983இல் நிறுவனம் அவருக்குப் பங்குகள் கொடுத்தது. இரண்டாவதாக, மூன்று அம்புகள் ஒன்றையொன்று துரத்துகிற மீள்சுழற்சிச் சின்னம். 1970இல் ஒரு அட்டைப்பெட்டி நிறுவனம் நடத்திய போட்டிக்கு கேரி அன்டர்சன் என்ற 23 வயது மாணவர் அனுப்பியது. இரண்டும் நடந்த கதைகள்தான். ஆனால் இவற்றைக் கேட்டு ஒரு பிள்ளை என்ன பழகும்? அதிர்ஷ்டச் சீட்டு வாங்கத்தான் பழகும். அவர்கள் அதற்கு முன்னால் எத்தனை தாளைக் கசக்கி எறிந்தார்கள் என்பதை இந்தக் கதைகள் சொல்வதில்லை. ஃப்ருட்டிகரின் கதையில் அந்தக் கசக்கிய தாள்கள் இருக்கின்றன. எனக்குப் பிடித்தது அதுதான்.

ஃப்ருட்டிகருக்குச் சின்ன வயதில் சிற்பியாக ஆசை. தகப்பன் விடவில்லை. சிலை செதுக்கிச் சோறு தின்ன முடியாது, அச்சகத்தில் சேர் என்று சொன்னார். (அத்தான், கவனியுங்கோ. இந்த வசனம் எங்கள் சாதிசனத்தின் கண்டுபிடிப்பு இல்லை.) பதினாறு வயதில், உலகப் போர் இன்னும் முடியாத 1944இல், இன்ரலாக்கனில் ஓட்டோ ஷ்லேஃப்லி என்பவரின் அச்சகத்தில் அச்சுக்கோர்ப்பவராக நான்கு வருச லேர தொடங்கினார்.

அச்சுக்கோர்க்கிற வேலை என்னவென்று இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ஊரில் அச்சுக்கூடம் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஈயத்தில் வார்த்த எழுத்துக்கள் அறை அறையாகப் பிரித்த தட்டில் கிடக்கும். ஒவ்வொன்றாக எடுத்து, தலைகீழாகவும் இடம்வலம் மாறியும் கோர்க்க வேண்டும். தமிழுக்கு அறைகள் இன்னும் கூட. கி, கு, கூ எல்லாவற்றுக்கும் இடம் வேண்டுமே. எங்கள் பக்கத்துச் சந்தியில் இருந்த அச்சுக்கூடத்தில் கொம்பசிற்றர் ஐயாவின் விரல் நுனிகள் எந்த நாளும் கறுப்பு. பார்க்காமலே எடுப்பார். இந்த வேலையில் ஒரு விசயம் முக்கியம்: சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் விடுகிற வெறும் இடத்துக்கும் ஈயத் துண்டு வைக்க வேண்டும். வரிக்கும் வரிக்கும் நடுவில் ஈயத் தகடு வைக்க வேண்டும். வெள்ளை என்பது சும்மா விட்ட இடம் இல்லை, அதற்கும் பாரம் உண்டு, அதையும் கையால் தூக்கி வைக்க வேண்டும் என்பதை ஒரு பதினாறு வயதுப் பெடியன் நான்கு வருசம் விரலால் படித்தான். கணினியில் ஸ்பேஸ் பாரைத் தட்டிப் பழகியவர்களுக்கு இந்தப் படிப்பு கிடைக்க வழியில்லை.

லேர முடிகிற நேரம், 1948இல், அவர் ஒரு சின்னப் புத்தகம் செய்தார். தூண் ஏரியைச் சுற்றியிருக்கிற பழைய தேவாலயங்களைப் பற்றியது. படங்களை மரத்தில் செதுக்கினார், எழுத்தைத் தானே கோர்த்தார். நாங்கள் பேர்ணிலிருந்து ரயிலில் வரும்போது ஸ்பீட்ஸ் பக்கம் ஜன்னலால் தெரிகிற ஏரிதான் அது. தன் ஊரில், தன் கண் முன்னால் இருந்ததை எடுத்துக்கொண்டார். பயிற்சிக்குக் கரு தேடி எங்கேயும் அலையவில்லை.

பிறகு சூரிச்சில் ஒரு அச்சகத்தில் கொஞ்சக் காலம் வேலை. 1949இல் சூரிச் கைவினைக் கலைப் பள்ளியில் சேர்ந்தார். வால்டர் கேக், அல்ஃபிரட் வில்லிமான் என்று இரண்டு ஆசிரியர்கள். உரோமாபுரிக் கல்வெட்டுக்களின் மேல் தாளை வைத்துத் தேய்த்து எடுத்த படிகளைப் பார்த்து மாணவர்கள் எழுத்துப் பழகினார்கள். அளவுகோலும் வட்டக்கருவியும் ஓரத்தில் இருக்க, பட்டைப் பேனையும் தூரிகையும்தான் கூடுதலாக ஓடின. அ எழுதப் பழகிய பிள்ளையைத் திருப்பி மணலில் இருத்துகிற மாதிரி. நான்கு வருசம் அச்சகத்தில் எழுத்தோடு கிடந்த ஒரு ஆளை மறுபடி எழுத்தின் தொடக்கத்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள்.

அவருடைய இறுதி ஆண்டு வேலைதான் இந்தக் கதையின் முதல் முடிச்சு. ஐரோப்பிய எழுத்துக்கள் வளர்ந்த வரலாற்றை, கிரேக்கக் கல்வெட்டு எழுத்திலிருந்து மறுமலர்ச்சிக் காலத்துக் கையெழுத்து வரைக்கும், ஒன்பது மரப்பலகைகளில் செதுக்கினார். அச்சடிக்கும்போது நேராக வரவேண்டும் என்பதால் எல்லாவற்றையும் இடம்வலம் மாற்றிச் செதுக்க வேண்டும். எழுத்தைச் சுற்றியிருக்கிற மரத்தையெல்லாம் தோண்டி எடுத்தால் எழுத்து மட்டும் மேடாக நிற்கும். ஒரு இடத்தில் உளி சறுக்கினால் அந்த இடம் போனதுதான், திரும்பி ஒட்ட முடியாது. சிற்பியாக விடாத தகப்பனுக்கு மகன் கொடுத்த பதில் என்று நான் இதை நினைத்துக்கொள்வேன். அவர் அப்படி நினைத்தாரோ தெரியாது.

1951இல் அது நீளமாக மடித்து விரிக்கிற ஏடாக அச்சானது. அவர் அதை ஐரோப்பாவின் எழுத்து வார்ப்பகங்களுக்கு அனுப்பினார். வேலை கேட்டுப் போகிற ஆள் சான்றிதழ்க் கட்டை அனுப்புகிற இடத்தில் இவர் செதுக்கின மரத்தை அனுப்பினார். பாரிசில் டெபெர்னி பெய்ஞோ என்ற வார்ப்பகத்தை நடத்திய சார்ல் பெய்ஞோ அதைப் பார்த்துவிட்டு 1952இல் அவரை வேலைக்கு எடுத்தார். அப்போது ஃப்ருட்டிகருக்கு 24 வயது.

இரண்டாவது முடிச்சு இன்னும் நல்லது. வால்டர் கேக்கின் வகுப்பில் ஃப்ருட்டிகர் ஒரு எளிய எழுத்தை, முனைகளில் கொழுக்கி இல்லாத எழுத்தை, பயிற்சிக்காகக் கீறிக்கொண்டிருந்தார். அதை யாரும் கேட்கவில்லை. காசு தரவும் ஆள் இல்லை. அது வகுப்பு வேலை, அவ்வளவுதான். சில வருசத்துக்குப் பிறகு பாரிசில், ஈயத்தை விட்டு ஒளிப்படத் தாளில் எழுத்தைப் பதிக்கிற லூமிடைப் என்ற புது இயந்திரத்துக்குக் கொழுக்கியில்லாத எழுத்து ஒன்று தேவைப்பட்டது. பெய்ஞோவின் எண்ணம், ஏற்கெனவே பெயர் பெற்ற ஃபுயூட்டுரா எழுத்தை அதற்கேற்ப மாற்றுவது. ஃப்ருட்டிகருக்கு அதில் விருப்பமில்லை. சூரிச் வகுப்பறையில் தொடங்கிய தன்னுடைய எழுத்தை எடுத்து முன்னால் வைத்தார். அதிலிருந்துதான் 1957இல் யூனிவேர்ஸ் வந்தது.

யூனிவேர்ஸ் ஒரே நேரத்தில் 21 வடிவங்களாகத் திட்டமிடப்பட்டது. மெல்லியது, தடித்தது, ஒடுங்கியது, அகன்றது, சாய்ந்தது என்று. ஒவ்வொன்றுக்கும் பெயருக்குப் பதில் இரண்டு இலக்கம். முதல் இலக்கம் தடிப்பு, இரண்டாவது அகலமும் சாய்வும். 55 என்றால் நடுவில் நிற்கிற சாதாரண எழுத்து. இரண்டாம் இலக்கம் ஒற்றை எண் என்றால் நேராக நிற்கும், இரட்டை எண் என்றால் சாய்ந்திருக்கும். 39இல் தொடங்கி 83இல் முடிகிறது. அதற்கு முதல் வார்ப்பகங்கள் ஒரு எழுத்தை வெளியிட்டு, அது விற்றால் பிறகு தடித்த தம்பியையும் ஒடுங்கிய தங்கச்சியையும் பெற்றுக்கொண்டிருந்தன. இவர் முழுக் குடும்பத்தையும் ஒரு தாளில் யோசித்தார். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஓட்ல் ஐஹர் எல்லா எழுத்துக்கும் யூனிவேர்ஸைத்தான் எடுத்தார்.

அந்த எழுத்தில் என்ன வித்தை என்று கேட்பீர்கள். மருமகனுக்கு நான் காட்டியது இது: ஆங்கில ஓ எழுத்தை எச் எழுத்தின் அதே உயரத்தில் கீறிப் பார். ஓ சின்னனாகத் தெரியும். வட்டமானது மேலேயும் கீழேயும் கோட்டைக் கொஞ்சம் தாண்டினால்தான் கண்ணுக்குச் சரியாக நிற்கும். படுத்த கோட்டையும் நின்ற கோட்டையும் ஒரே தடிப்பில் கீறினால் படுத்தது தடிப்பாகத் தெரியும், அதனால் அதைக் கொஞ்சம் மெலிக்க வேண்டும். எச்சின் குறுக்குக் கோட்டைச் சரி நடுவில் வைத்தால் கீழே இறங்கின மாதிரி இருக்கும். அளவுகோல் சொல்வது வேறு, கண் சொல்வது வேறு. யூனிவேர்ஸ் பார்க்க இயந்திரம் செய்தது போல இருந்தாலும் அதன் ஒவ்வொரு வளைவிலும் இந்தக் கண்ணளவு இருக்கிறது. குசினியில் உப்புக்குக் கரண்டிக் கணக்குச் சொல்லுகிறவன் புது ஆள். பழைய ஆளின் கைக்கு அளவு தெரியும். அந்தக் கை வருவதற்கு எத்தனை சட்டி போயிருக்கும் என்று எங்களுக்குத் தெரியும்தானே.

அவர் பிறகு செய்ததெல்லாம் நீளமான பட்டியல், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பாரிஸ் சார்ல் து கோல் விமான நிலையத்தின் பலகைகளுக்குச் செய்த எழுத்து 1976இல் அவர் பெயரிலேயே வெளிவந்தது, எங்கள் வீதிப் பலகை எழுத்து அதன் பிள்ளை. இயந்திரமும் மனிதனும் வாசிக்கிற ஓசிஆர்-பி எழுத்து 1968இல் வந்தது. 1960களில் இந்தியாவின் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்காகத் தேவநாகரி எழுத்திலும் வேலை செய்திருக்கிறார். விமானமேறி வந்த எங்கள் ஆட்களில் எத்தனை பேர் பாரிசில் அந்தப் பலகைகளை அண்ணாந்து பார்த்து, மொழி விளங்காமல் அம்புக்குறியை மட்டும் நம்பி நடந்திருப்பார்கள்.

சூரிச்சிலிருந்து பாசலுக்குப் போகலாம். சுவிஸ் கிராஃபிக் என்று உலகம் சொல்வதில் பாதி பாசல் தொழிற்பள்ளியின் வகுப்பறைகளில் விளைந்தது. எமில் ரூடர் அங்கே 1942இலிருந்து அச்செழுத்துக் கலை படிப்பித்தார். ஆர்மின் ஹொஃப்மான் 1947இலிருந்து கிராஃபிக் படிப்பித்தார். ரூடர் லேர செய்த அச்சுக்கோர்ப்பவர். ஹொஃப்மான் லேர செய்த கல்லச்சுக்காரர். அத்தானுக்கு இந்த இடத்தைக் கோடு போட்டுக் காட்ட விருப்பம். இந்த நாட்டின் பெயரை உலகம் முழுக்க ஒரு கலைக்கு அடைமொழியாக்கியவர்களில் இத்தனை பேர் லேரயால் வந்தவர்கள்.

ஹொஃப்மானின் பயிற்சிகளைப் பார்த்தால் முதலில் சிரிப்பு வரும். ஒரு வெள்ளைச் சதுரம், அதில் ஒரு கறுப்புப் புள்ளி. புள்ளியை எங்கே வைத்தால் சதுரம் அமைதியாக இருக்கும், எங்கே வைத்தால் விழப்போகிற மாதிரி இருக்கும்? பெரிய புள்ளி, சின்னப் புள்ளி, இரண்டு புள்ளி. பிறகு கோடு. நிறம் கிடையாது. ஒரு இலையையோ ஒரு கருவியையோ கறுப்பு வெள்ளை வடிவமாகக் குறைக்க வாரக்கணக்கில் இருத்திவிடுவார்கள். எழுத்தும் கையாலேயே தூரிகை பிடித்துத் தீட்ட வேண்டும். 1965இல் அவர் இந்தப் பயிற்சிகளைப் புத்தகமாக்கினார். 1959இல் ஜிசெல் என்ற பலே நடனத்துக்கு அவர் செய்த போஸ்ரரைப் பாருங்கள். சுழலுகிற நடனக்காரியின் கலங்கிய கறுப்பு வெள்ளைப் படம், பக்கத்தில் செங்குத்தாக நிற்கிற எழுத்து. வகுப்பில் மாணவருக்குக் கொடுத்த புள்ளியும் கோடும்தான் அதில் பெரிதாகி நிற்கின்றன. ஹொஃப்மான் 2020இல் நூறு வயதில் இறந்தார். ரூடருக்கு அந்த ஆயுள் இல்லை. 1967இல் தன் பெரிய புத்தகத்தை வெளியிட்டு மூன்று வருசத்தில் போய்விட்டார். அவர் வகுப்பில் யூனிவேர்ஸை வைத்துத்தான் கூடுதலாக வேலை நடந்தது. ஒருவரின் மாணவப் பயிற்சி இன்னொரு பள்ளியின் மாணவருக்குப் பயிற்சிப் பொருளாகிவிட்டது.

அதே பாசலுக்கு அவர்களுக்கு முன்னால் ஒரு அகதியும் வந்து சேர்ந்திருந்தார். யான் சிஹோல்ட். லைப்சிக்கில் பலகை எழுதுகிற ஒருவரின் மகன், 1902இல் பிறந்தவர். ஓவியனாக ஆசை, பெற்றோருக்குப் பயம். சித்திர ஆசிரியராகட்டும் என்று ஆசிரியப் பயிற்சிக்கு அனுப்பினார்கள் (மூன்றாவது தடவையாக அதே கதை, அத்தான்). அங்கே இருந்தபோதே எழுத்துக்கலைப் புத்தகங்களை வைத்துத் தானாகவே எழுதிப் பழகினார். 1928இல் புது அச்சுக்கலை பற்றி அவர் எழுதிய புத்தகம் ஜெர்மனியைக் கலக்கியது. 1933இல் நாசிகள் பிடித்து அடைத்தார்கள். வெளியே வந்ததும் குடும்பத்தோடு பாசலுக்கு ஓடிவந்தார். புகழ்பெற்ற ஆள் என்றாலும் இங்கே கிடைத்தது தொழிற்பள்ளியில் சில மணித்தியால வகுப்பும் ஒரு பதிப்பகத்தில் அரைநேர வேலையும்தான். சுவிஸ் குடியுரிமை கிடைத்தது 1942இல். ஒன்பது வருசம். விசாக் கடிதத்தை எதிர்பார்த்துத் தபால்பெட்டியைத் திறந்து திறந்து பார்த்த எவருக்கும் அந்த ஒன்பது வருசத்தை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

கடைசியாக வொல்ஃப்காங் வைன்கார்ட். இவரை எனக்குப் பிடிக்கும், குழப்படிக்காரர் என்பதால். 1941இல் ஜெர்மனியில் பிறந்தவர். ஸ்டுட்கார்ட்டில் ஒரு அச்சகத்தில் அச்சுக்கோர்ப்பு லேர. அங்கே கீழே கொட்டுப்பட்ட சின்னச் சின்ன ஈய எழுத்துக்களைத் திருப்பி அறைகளில் போடாமல், ஒரு வட்டத்துக்குள் அடைந்து இறுக்கிக் கட்டி, முகப்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் மையடித்து அச்சடித்துப் பார்த்தார். ஊர் அச்சுக்கூடத்தில் இதைச் செய்திருந்தால் முதலாளியிடம் அடி விழுந்திருக்கும். 1964இல் பாசலுக்குப் படிக்க வந்தார். வகுப்புகள் அலுத்துவிட்டன. ஆனால் பள்ளியின் அச்சுக்கூடத்தை விட்டு அவர் போகவில்லை. கோடு போடுகிற உலோகத் தகடுகளை வளைத்து அச்சடித்தார். எம் என்ற ஒரே எழுத்தை எடுத்துக்கொண்டு, அதைக் கனசதுரத்தின் பக்கங்களில் ஒட்டி, கோணம் மாற்றிப் படம் பிடித்து எத்தனையோ விதமாகச் செய்து பார்த்தார். வாடிக்கையாளர் இல்லை, புள்ளி போடுகிற வாத்தியார் இல்லை, கேட்ட ஆள் இல்லை. 1968இல் ஹொஃப்மான் அவரையே அந்தப் பள்ளியில் படிப்பிக்கக் கூப்பிட்டார். தன் பாடத்தில் அலுப்படைந்த மாணவனைப் படிப்பிக்கக் கூப்பிடுகிற வாத்தியார் எங்கள் ஊரில் எத்தனை பேர்? எனக்கு ஒருவரும் ஞாபகம் வரவில்லை. அமெரிக்காவிலிருந்து ஏப்ரில் கிரைமன் போன்றவர்கள் பாசலுக்கு வந்து படித்துவிட்டு அந்தக் கலகத்தைக் கலிஃபோர்னியாவுக்குக் கொண்டுபோனார்கள்.

இதையெல்லாம் அத்தானிடம் துண்டு துண்டாகச் சொன்னேன். கேட்டார். கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார்: "உதெல்லாம் அந்தக் காலம் தம்பி. இப்ப கொம்பியூட்டர் தானே கீறுது. ரெண்டு வரி எழுதினா அதே போஸ்ரர் செய்து தருது. இவன் நாலு வருசம் பழகி வரேக்க வேலை இருக்குமோ?"

அத்தானின் பயம் பொய்யில்லை. ஈய எழுத்து ஐந்நூறு வருசம் இருந்த தொழில். 1970களிலும் 80களிலும் அது கண் முன்னாலேயே அழிந்தது. இந்த நாட்டிலும் எத்தனையோ அச்சுக்கோர்ப்பவர்கள் நடுவயதில் வேலை இழந்தார்கள். ஆனால் யூனிவேர்ஸ் அந்த ஈயத்தை அழிக்க வந்த இயந்திரத்துக்காகத்தான் கீறப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். ஃப்ருட்டிகர் ஈயத்தில் பழகி, ஒளிப்படத்தில் வேலை செய்து, கணினிக் காலத்திலும் தன் எழுத்துக்களைத் திருத்திக்கொண்டிருந்தார். இரண்டு தடவை கருவி மாறியது. ஓவைக் கோட்டுக்குக் கொஞ்சம் வெளியே தள்ளவேண்டும் என்ற அறிவு மாறவில்லை. மருமகனுக்கு வேலை கிடைக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். கிம்னாசியம் முடித்து வங்கிக்குப் போகிறவனுக்கும் இன்றைக்கு யாரும் உறுதி சொல்ல முடியாது என்பதை மட்டும் சொன்னேன். அத்தான் தேத்தண்ணியைக் குடித்தார்.

எங்கள் பக்கத்து வேலையையும் ஒருமுறை பார்க்கலாம். ஊர்ச்சங்க ஒன்றுகூடல், பூப்புனித நீராட்டு விழா, கோயில் கொடியேற்றம், மரண அறிவித்தல். புலம்பெயர்ந்த நாடுகளில் தமிழ் எழுத்து அச்சாகிற இடங்கள் பெரும்பாலும் இவைதான். பாமினி எழுத்துருக் காலத்திலிருந்து பார்க்கிறேன். ஒரு தாளில் ஏழு விதமான எழுத்து, மூலைக்கு மூலை பூ, பின்னால் ஒரு நீர்வீழ்ச்சி, அதற்கு மேல் மஞ்சள் எழுத்துக்கு சிவப்புக் கரை. திகதியையும் மண்டபத்தின் விலாசத்தையும் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும். செய்கிறவர்களை நான் பழிக்கவில்லை, இரவு வேலை முடிந்து வந்து காசில்லாமல் செய்து கொடுக்கிறார்கள். தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பத்திரிகைகள் பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் அச்சான நாட்களைப் பார்த்த சனத்துக்கு, இடம் கிடைத்தால் நிரப்பிவிட வேண்டும் என்ற அந்தரம் இருப்பதில் புதினமில்லை. ஆனால் ரூடரின் வகுப்புப் பயிற்சியைத் தமிழில் செய்து பார்க்க எங்களைத் தடுப்பது ஒன்றுமில்லை: ஒரு தாள், ஒரு எழுத்துரு, ஒரே அளவு. எங்கே வைப்பது, எவ்வளவு வெள்ளை விடுவது என்பதை மட்டும் யோசிப்பது.

மருமகன் அதைத்தான் இப்போது செய்கிறான். லேரக்கு விண்ணப்பிக்கவும், அதற்கு முன் ஒரு வருச ஃபோர்குர்சில் சேரவும், தான் செய்த வேலைகளை ஒரு மாப்பெயில் அடுக்கிக் கொடுக்க வேண்டும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தை அவன் ஆறாம் வகுப்போடு விட்டவன். "மாமா, ஆங்கில எழுத்து எல்லாரும் கீறுவினம்" என்று சொல்லி மழை என்ற சொல்லை எடுத்தான். ழவின் கீழ்ச் சுழி வரியை விட்டு எவ்வளவு இறங்கலாம், ஐகாரக் கொம்பின் இரண்டு வட்டமும் மவின் பெட்டியோடு எப்படி ஒத்துப்போகும் என்று நாற்பதுக்கு மேல் தாள் ஆகிவிட்டது. அந்தச் சொல்லை அவன் சரியாக உச்சரிப்பானோ என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான், ஆனால் அதன் வளைவு எங்கே திரும்புகிறது என்பது என்னைவிட அவனுக்குத் தெரியும். அக்கா அந்தத் தாள்களில் ஒன்றைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறா. அத்தான் அதைக் கழற்றச் சொல்லவில்லை. ஆனால் கிம்னாசியச் சோதனைக்கான பயிற்சிப் புத்தகமும் மேசையில்தான் கிடக்கிறது.

சூரிச்சில் வடிவமைப்பு நூதனசாலை இருக்கிறது, 2014இல் வைன்கார்டின் வேலைகளை வைத்துக் கண்காட்சி நடத்திய இடம். அவனைக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறேன். எங்கள் உணவகத்துக்குத் திங்கட்கிழமை பூட்டு. நூதனசாலைக்கும் திங்கட்கிழமைதான் பூட்டு. பாத்திரம் கழுவுகிற எரித்திரியக்காரத் தம்பியோடு ஒரு புதன்கிழமையை மாற்றிக்கொள்ளக் கேட்டிருக்கிறேன், முதலாளி சரி சொன்னால் அடுத்த மாதம் போவோம்.